பட்டான்

பட்டான்: வினைமுற்று. அடிச்சொல் படு. போரில் விழுந்து இறந்தான் என்பது பொருள். இன்றைய நாளிதழ் 'வீரமரணம் அடைந்தார்' என்று எழுதும் இடத்தில், 6, 7ஆம் நூற்றாண்டு நடுகற்களில் நிற்கும் சொல் இதுதான். நடுகல்லுக்கே 'பட்டான் கல்' என்று பெயர். சோழநாட்டுப் பக்கம் 'பட்டவன்' என்று கும்பிடும் சாமியும் இதே வேர்.

சொல் வழக்கொழிந்துவிட்டது என்று அகராதியைப் பார்ப்பவர் நினைக்கலாம். கொங்கில் அப்படியில்லை. தென்னை காய்ந்து நின்றால் 'மரம் பட்டுப்போச்சு' என்பார்கள். யாரும் 'செத்துப்போச்சு' என்று சொல்வதில்லை. அண்ணன்மார் கோயில் நோம்பியில் (திருவிழாவில்) உடுக்கை அடித்துக் கதை பாடி, பொன்னர் சங்கர் மாண்ட கட்டம் வரும்போது ஆட்கள் அருள் வந்து சாய்வதற்குப் 'படுகளம் விழுதல்' என்று பெயர். தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவது 'படுகளம் எழுப்புதல்'. படுகளம் என்றால் வீரர் பட்ட களம். கல்வெட்டுச் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

இனி கல்லுக்கு வருவோம். எழுத்துள்ள நடுகல்லில் வாசகம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் ஓடும். 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், அவன் ஆட்சியாண்டு, நாடு, வீரன் யாருடைய சேவகன் அல்லது மகன், அவன் பெயர், நடந்த சண்டை, கடைசியில் 'பட்டான் கல்'. சண்டை பெரும்பாலும் மாட்டுக்காக. தொறு என்றால் மாட்டு மந்தை. அதைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. காங்கயம் மாட்டைப் பட்டியில் அடைத்து வளர்க்கும் ஊர்க்காரருக்கு, மந்தை போனால் ஊரே போனது போல என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய கற்கள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விட்டிருப்பார்கள். எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி வரி அடைபட்டிருக்கும். ஆணியால் சுரண்டினால் எழுத்தே போய்விடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் வரி தெரியும். கொங்கில் காணப்படும் புலிகுத்திக் கற்கள் பலவற்றில் எழுத்தே கிடையாது. பின்னங்காலில் எழும்பிய புலி, அதன் உடம்பில் ஈட்டியைப் பாய்ச்சும் ஆள், அவ்வளவுதான். வாசகம் இல்லாமலே செய்தி தெரிந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது 'பட்டான்' என்பதற்கு முன்னால் வரும் எச்சம். 'தொறு மீட்டுப் பட்டான்', 'புலி குத்திப் பட்டான்'. மீட்டு, குத்தி என்ற வினையெச்சத்தில்தான் வீரம் இருக்கிறது. பட்டான் என்பது வெறும் தகவல். பாராட்டு அடை ஒன்றும் இல்லை. இதே படு இன்று செயப்பாட்டு வினைக்குத் துணைவினையாகிவிட்டது. குத்திப் பட்டான் என்றால் இவன் குத்தினான், பிறகு விழுந்தான். குத்தப்பட்டான் என்றால் யாரோ இவனைக் குத்தினார்கள். ஓர் எச்சம் மாறினால் வீரன் பலியாள் ஆகிவிடுகிறான். 'எல்லையில் கொல்லப்பட்ட வீரர்' என்ற தலைப்பில் நடக்கும் பிழை இதுதான். அவர் என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்பதை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகிறது.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்பவனுக்கு நட்டது. அவன் பட்டதைச் சொன்ன கையோடு, கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்ததையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் வினைதான், அடைமொழி இல்லை.

சாவதுதான் வீரம் என்று பழந்தமிழ் சொல்வதாக மேடைகளில் கேட்கிறோம். புறநானூறு 312இல் பொன்முடியார் வீரனுக்கு விதிக்கும் கடமை 'களிறு எறிந்து பெயர்தல்'. பெயர்தல் என்றால் திரும்பி வருதல். யானையை வீழ்த்திவிட்டு உயிரோடு வா என்பதே கடன். திரும்பாதவனுக்குக் கல்.

இனி 'பட்டான்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட மற்ற சொற்கள்.

தியாகம்: வடசொல். த்யஜ் என்ற வேருக்கு 'விட்டுவிடு' என்று பொருள். பழைய தமிழ் வழக்கில் தியாகம் கொடையைக் குறித்தது. விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரன் என்று பட்டம் இருந்தது, அவன் அள்ளிக் கொடுத்ததற்காக. தன்னையே கொடுப்பது என்ற பொருள் விடுதலைப் போராட்டக் காலத்தில்தான் ஊரெங்கும் பரவியது. நேர்த்தமிழ் ஈகம், ஈகி. இவை 'ஈ' என்ற அடியில் பிறந்தவை. அச்சில் நிலைத்துவிட்டன, பேச்சில் இன்னும் ஏறவில்லை.

ஆங்கிலத்தின் மார்ட்டருக்கும் அரபியின் ஷஹீதுக்கும் வேர்ப்பொருள் 'சாட்சி'. சமய நம்பிக்கைக்காக உயிர்விட்டவரைக் குறித்து வளர்ந்த சொற்கள்.

களப்பலி: இதைப் படைவீரருக்கு எழுதுவது தவறு. போர் தொடங்குமுன் வெற்றி வேண்டிக் களத்தில் கொடுக்கும் பலி அது. சிங்காநல்லூரில் அரவான் நோம்பி பார்த்தவர்களுக்குத் தெரியும், பாரதக் கதையில் களப்பலி ஆனவன் அரவான். சண்டையில் விழுந்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

திருப்பூர் குமரன் 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் கொடியோடு தடியடி வாங்கி, மறுநாள் இறந்தார். கையில் ஆயுதம் இல்லாதவர். தியாகி என்ற சொல் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. தீரன் சின்னமலை காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று சண்டையிட்டு, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவரை மாவீரர் என்கிறோம்.

அரசு தாளிலும் இந்த வேறுபாடு உண்டு. 'தியாகி ஓய்வூதியம்' விடுதலைப் போராட்டக்காரர்களுக்கானது. படைவீரருக்குத் தியாகி என்ற அதிகாரப் பட்டம் இல்லை. படையின் பதிவில் 'பேட்டில் கேஷுவல்டி' (போர்க்கள இழப்பு) என்றுதான் இருக்கும். அப்படிப் பதிவானால் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியம். பணி காரணமான மற்ற இறப்பென்றால் அதில் 60 விழுக்காடு. ஆகவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எழுதும்போது 'தியாகியின் மனைவி' என்று எழுதாமல், பதிவில் உள்ள சொல்லையே எழுதுவது நல்லது.

ஊர்முனையில் கல் நடுகிறவர்களுக்கு 'களத்தில் பட்டார்' என்பதே என் பரிந்துரை. தனியாகப் 'பட்டார்' என்றால் இன்றைய காதுக்கு முடியாத வாக்கியம்போல் ஒலிக்கிறது. 'களத்தில்' சேர்த்தால் நிற்கும். முதல் வரியில் பெயர், தந்தை தாய் பெயர், ஊர். அடுத்து படைப்பிரிவு, இடம், நாள். அதன்பின் எச்சம்: 'காயம்பட்ட இருவரைச் சுமந்து சேர்த்து' என்பதுபோல், கூட இருந்தவர்கள் சொன்னது மட்டும். தெரியாவிட்டால் எச்சத்தை விட்டுவிடலாம், 'வீரத்துடன் போராடி' என்று இட்டு நிரப்ப வேண்டாம். கடைசியில் களத்தில் பட்டார். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் தள்ளி நின்றும் படிக்கலாம். பெயின்ட் எழுத்து வெயிலிலும் மழையிலும் நாளடைவில் மங்கிவிடும், உளியால் வெட்டச் சொல்லுங்கள்.