சிபிஆர் முடிந்து சில வாரங்களில் வரும் காய்ச்சல்

இதயம் நின்று, நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியான சிபிஆரால் பிழைத்தவர்கள் அடுத்த முறை பார்க்க வரும்போது பெரும்பாலும் முதலில் சொல்வது நெஞ்சுவலியைத்தான். "இருமினா உயிரே போகுது டாக்டர்" என்பார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டியிருக்கிறது. விலா எலும்பு முறிவது சகஜம். நடு நெஞ்செலும்பும் விரிசல் விடலாம். பொதுவாகத் தானே கூடிவிடும்.

மிக அரிதாக, முறிந்த இடத்தில் கிருமி தங்கிவிடுகிறது. தோல் கிழியாதபோது கிருமி எப்படிப் போகும்? பெரும்பாலும் ரத்தம் வழியாகத்தான். முறிவைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டியிருக்கும். ஐசியூவில் ரத்தநாளத்தில் போட்ட குழாய் வழியாகவோ, நுரையீரல் தொற்றிலிருந்தோ ரத்தத்தில் கலக்கும் கிருமி அங்கே போய் வளரும். பல நேரம் அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. எலும்பில் சீழ் பிடித்து, அதன் பின்புறம் இதயத்தை ஒட்டிய பகுதிக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

மயக்கத்தில் எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவதை நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். எலும்புத் தொற்று அப்படியல்ல. நோயாளி வீட்டுக்குப் போனபிறகு மெல்லத் தலைகாட்டும். வலி மாத்திரை காய்ச்சலையும் அடக்கிவிடுவதால் இன்னும் தாமதமாகும்.

வலி போகிற போக்கைக் கவனியுங்கள். வெறும் முறிவு என்றால் வாரத்துக்கு வாரம் குறையும். குறைந்த வலி மறுபடி கூடினால், நெஞ்செலும்பின் மேல் விரல் வைக்கும்போது சூடாக, வீங்கி, கொழகொழவென்று அமுங்கினால், கூடவே குளிர்காய்ச்சலும் இருந்தால், "அடிபட்ட வலிதானே" என்று விடக்கூடாது. சர்க்கரை நோயாளிகளும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு) எடுத்துவிடுவது நல்லது. அப்புறம் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன். சிகிச்சை பல வாரங்கள் நீளும், சிலருக்குச் சீழை அறுவை செய்து அகற்ற வேண்டிவரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிபிஆர் செய்யத் தயங்க வேண்டாம். இதயம் நின்றவருக்கு அந்த நிமிடத்தில் வேறு வழியே இல்லை. முறிந்த எலும்புக்கும் வந்த தொற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட், மாத்திரை எல்லாம் இருக்கும். நெஞ்சை அழுத்தியது சில சமயம் விட்டுப்போகும். காய்ச்சலோடு வேறொரு மருத்துவரிடம் போனால், "இவருக்கு சிபிஆர் செய்தார்கள்" என்று வீட்டார் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.