ஆட்டுப்பாலில் மொச்சை மணம் எங்கிருந்து வருகிறது?

ஒட்டுசுட்டானுக்கு உட்புறமுள்ள கிராமமொன்றில் சில மறியாடுகளை வளர்த்துப் பால் விற்கும் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்: "விடியக் கறக்கும்போது பாலில் ஒரு மணமும் இல்லை. கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மொச்சை அடிக்கிறது. ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வருவதில்லை. என்ன காரணம்?" பாலைக் காய்ச்சாமல், பாதி நிரம்பிய கானில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கிறவல் வீதியால் கொண்டுபோவதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். காரணம் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

முதலில் கிடாயின் பங்கைப் பார்த்துவிடுவோம். விதையடிக்காத கிடாயின் தலைப்பகுதியிலிருந்து 4-எதைல்ஒக்டனல் என்னும் ஆவியாகும் பொருள் வெளிவருகிறது. அது மறியின் மூளையில் இனப்பெருக்க ஹோர்மோன்களை ஆளும் நரம்புகளைத் தூண்டுவதை யப்பானிய ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினார்கள். காற்றுப் பட்டதும் அது 4-எதைல்ஒக்டனோயிக் அமிலமாக மாறி, நாம் அறிந்த கிடாய் மணத்தைத் தருகிறது. ஆகவே கறக்கும் இடத்திலிருந்து கிடாயைத் தள்ளிக் கட்டுவது நல்லதுதான். ஆனால் கறக்கும்போது இல்லாத மணம் வழியில் பிறப்பதற்குக் கிடாயும் பொறுப்பல்ல, சிலர் சொல்லும் கண்ணூறும் பொறுப்பல்ல. கண்ணூறு கழிப்பதில் செலவாகும் நேரத்தில் பாலைக் காய்ச்சிவிடலாம் என்பதே என் உறுதியான கருத்து.

மடியின் சுரப்புக் கலத்துக்குள் கொழுப்பு நுண்துளிகளாகத் திரண்டு, கலத்தின் மேல்விளிம்பை நோக்கி நகர்கிறது. அங்கே துளி மென்சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியேறுவதில்லை. அது சவ்வை வெளிப்புறமாகத் தள்ளத் தள்ள, சவ்வு துளியைச் சுற்றி மூடி, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, துளியோடு சேர்ந்தே கழன்று பாலில் விழுகிறது. அதாவது, தாயாட்டின் கலச் சவ்வில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் ஒவ்வொரு கொழுப்புருண்டையும் வெளியே வருகிறது. ஆட்டுப்பாலில் இவ்வுருண்டைகளின் விட்டம் சராசரியாக 3.5 மைக்ரோமீட்டர் அளவே. ஒரு சொட்டுப் பாலில் அவை கோடிக்கணக்கில் மிதக்கின்றன. உயிரியலில் இதைப் போல என்னை வியக்கவைக்கும் வேலைப்பாடுகள் மிகச் சில.

இந்தப் போர்வைக்கு வெளியே லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதியம் காத்திருக்கிறது. குருதியில் வரும் கொழுப்பை வெட்டி மடியின் கலங்களுக்குக் கொடுப்பது அதன் உண்மையான தொழில். அதில் ஒரு பகுதி பாலுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. பசுப்பாலில் அது பெரும்பாலும் கேசின் புரதத்தோடு ஒட்டியிருக்க, ஆட்டுப்பாலிலோ அதன் கணிசமான பங்கு கொழுப்புருண்டைகளை ஒட்டியே கிடக்கிறது. சவ்வு முழுதாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் கொழுப்பு அதற்கு எளிதில் எட்டாது. பாதிக் கான் பால் கிறவல் வீதியில் குலுங்கும்போது காற்றுக் கலந்து நுரைக்கிறது. நுரைக்குமிழியின் விளிம்பில் வந்து முட்டும் உருண்டையின் சவ்வு பிரிந்து விரிய, கொழுப்பு வெளிப்பட, நொதியம் வெட்டத் தொடங்குகிறது.

ஆட்டுப்பாலின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 15 சதவீதம் கப்ரோயிக், கப்ரைலிக், கப்ரிக் ஆகிய குறுகிய, நடுத்தரச் சங்கிலி அமிலங்கள். பசுப்பாலில் இவற்றின் பங்கு மிகக் குறைவு. கிளிசரோல் என்னும் பொருளோடு பிணைந்து கொழுப்பாக இருக்கும்போது இவற்றுக்கு மணமில்லை, வெட்டுப்பட்டபின்பே மணக்கின்றன. இவற்றோடு கிடாயிடம் கண்ட அதே 4-எதைல்ஒக்டனோயிக் அமிலமும் மிகச் சிறிதளவு விடுபடுகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதை அறிந்துவிடும்.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (புளிக்கப் புளிக்கக் குறைவது) புதிய பாலில் ஏறத்தாழ 6.6. அந்நிலையில் விடுபட்ட அமிலங்களில் பெரும்பகுதி ஐதரசனை இழந்து அயன்களாகி, ஆவியாகாமல் பாலிலேயே தங்கிவிடும். வெயில் ஏறிப் பால் புளிக்கத் தொடங்கும்போது அவை ஐதரசனைத் திரும்பப் பெற்றுக் காற்றில் எழுகின்றன. குலுங்கிய பச்சைப்பாலில் தோய்த்த தயிர் கடுமையாக மணப்பது இதனால்தான்.

ஆகவே காய்ச்ச வேண்டிய இடம் சந்தையில் வாங்கியவரின் அடுப்பன்று, கறந்தவரின் அடுப்பு. 72 பாகை செல்சியசில் 15 விநாடி நின்றாலே அந்நொதியம் ஏறக்குறைய முழுமையாகச் செயலிழந்துவிடும். வீட்டில் பொங்கக் காய்ச்சுவது தாராளமாகப் போதும், புரூசெல்லா முதலிய நோய்க்கிருமிகளும் அதில் அழியும். பிறகு குளிர்நீரில் ஆற்றிப் போத்தலில் அடைத்தால், எவ்வளவு குலுங்கினாலும் இந்த மொச்சை பிறக்காது. ஏற்கெனவே விடுபட்ட அமிலங்களைப் பின்னர் காய்ச்சி மீட்க முடியாது. பச்சையாகத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், கானைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடம் வைக்காமல் மூடவேண்டும்.

மேலே சொன்ன 15 சதவீதம் பெரும்பாலும் ஐரோப்பிய இன ஆடுகளில் அளந்த கணக்கு. தீவனமும் குட்டி ஈன்றபின் கழிந்த நாட்களும் அதை மாற்றும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. மாரியில் பச்சைப்புல்லும் கோடையில் கிளுவை, பூவரசங் குழைகளும் தின்னும் வன்னி ஆடுகளின் பாலை ஓராண்டு முழுவதும் அங்கு அளந்து பார்ப்பதற்கு அரசு பணம் ஒதுக்கவேண்டும். எந்த மாதத்துப் பாலைப் பாலாக விற்பது, எந்த மாதத்துப் பாலைத் தயிராக்குவது என்பதை அந்த அளவீட்டை வைத்துத்தான் அச்சகோதரிக்குச் சொல்ல முடியும்.