வாரத்துக்கு ஒரே ஒரு ரயில்

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரிலிருந்து ஸ்டேலிபிரிட்ஜ் செல்லும் இருப்புப்பாதையில், 1990களின் தொடக்கத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பயணிகள் ரயில் ஓடிவருகிறது. பல ஆண்டுகள் அது வெள்ளிக்கிழமையன்று ஒரு திசையில் மட்டும் சென்றது. 2018 முதல் சனிக்கிழமை காலையில் போக ஒன்று, வர ஒன்று. இடையிலுள்ள ரெடிஷ் சவுத், டென்டன் நிலையங்களுக்கு வேறு பயணிகள் ரயில் கிடையாது.

இத்தகைய ரயில்களைப் பிரிட்டனில் 'பார்லிமென்டரி ரயில்' என்பார்கள். தினமும் ஒரு ரயிலையாவது, மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், கூரையுள்ள பெட்டிகளோடு ஏழைகளுக்காக ஓட்ட வேண்டும் என்று 1844இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயர் தாங்கிய ரயில்கள் ஓடுவதற்குக் காரணம் வேறு. ஒரு பாதையையோ நிலையத்தையோ முறைப்படி மூட வேண்டுமானால், 2005ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி மூடுவதன் விளைவுகளை மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும், குறைந்தது 12 வாரங்கள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், பின்னர் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலையும் பெற வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவையும் எழும் எதிர்ப்பையும்விட, வாரம் ஒரு ரயிலை ஓட்டிவிடுவது எளிது. டென்டன் மக்களுக்கு இது நியாயமான சேவை அல்ல என்றே நான் கருதுகிறேன்; ஆனாலும் பாதை சட்டப்படி உயிரோடு இருக்கிறது.

சட்டத்துக்கு அப்பால், ரயில் ஓடாத பாதையில் தண்டவாளமே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பல பாதைகளில், ரயில் எங்கே இருக்கிறது என்பதைச் சிக்னல் அமைப்புக்குச் சொல்வது, 1872இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்காவில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்ட தண்டவாள மின்சுற்று. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையிலும் இரு தண்டவாளங்களுக்கிடையே சிறிய மின்னழுத்தம் கொடுப்பார்கள். மறுமுனையில் ஒரு ரிலே இருக்கும்; மின்னோட்டம் பாயும்வரை மேலே இழுபட்டு நின்று, நின்றதும் கீழே விழுந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச் அது. பாதை காலியாக இருக்கும்போது மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, ரிலேயைக் கடந்து, மற்றொன்றின் வழியே திரும்பும். ரயில் உள்ளே நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுவதால், மின்னோட்டம் ரிலேயை எட்டாமல் திரும்பிவிட, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், தண்டவாளம் உடைந்து சுற்று துண்டிக்கப்பட்டாலும் ரிலே விழும். அதாவது பிழை நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கமே சாயும் வகையில் அமைந்த அருமையான ஏற்பாடு இது.

அந்த ஏற்பாட்டை ஆபத்தின் பக்கம் தவறச் செய்வது துரு. சக்கரங்கள் அடிக்கடி உருளாத தண்டவாளத்தின் தலைப்பகுதியில் மின்சாரத்தை எளிதில் கடத்தாத மெல்லிய துருப்படலம் படிகிறது. சிறிய மின்னழுத்தத்தால் அதைத் துளைக்க முடியாதபோது, சக்கரம் தண்டவாளத்தின் மேலேயே நின்றாலும் மின்சுற்றுக்கு அது தெரியாது. ரயில் நிற்கும் பாதை காலி என்று காட்டப்படும். எடை குறைந்த, வட்டு பிரேக் கொண்ட டீசல் ரயில்களில் இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் பழைய ரயில்களில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓடுபரப்பையே உரசிச் சுத்தப்படுத்தி வந்தன. ஆகவே துருவை உரசி நீக்குவதற்காகவே அரிதாகப் பயன்படும் பாதைகளிலும் இணைப்புத் தடங்களிலும் அவ்வப்போது ரயில் ஓட்டப்படுகிறது. ஸ்டாக்போர்ட் பாதையில் சரக்கு ரயில்களும் செல்வதால் அங்கே இது பெரிய கவலை அல்ல. நுழையும், வெளியேறும் அச்சுகளை எண்ணும் கருவிகள் பொருத்தப்பட்ட இடங்களில் துரு ஒரு பொருட்டே அல்ல.

ஓட்டுநர்களுக்கும் இதில் பங்குண்டு. வளைவுகளையும் சரிவுகளையும் சிக்னல்களையும் அறிந்தவர் என்று உறுதிசெய்யப்பட்ட ஓட்டுநரே ஒரு பாதையில் ரயிலை ஓட்டலாம். நெடுநாள் ஓட்டாவிட்டால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். முதன்மைப் பாதை அடைபடும் நாளில் மாற்றுப் பாதை இருந்தும் அதில் ஓட்ட ஆளிருக்காது.

மூடிய பாதையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் வேவர்லி பாதை சான்று. 1969 ஜனவரியில் அது மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதில் சுமார் 30 மைலை மட்டும் மீண்டும் அமைத்து, 2015 செப்டம்பரில் திறக்க ஏறத்தாழ 29 கோடி பவுண்டு செலவானது. இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையோ, ஒரு காலத்தில் திசைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரயில்களாகச் சுருங்கியும் பெயர்க்கப்படாமல் இருந்தது. 1989 ஏப்ரலில் அரசு அதை மூட மறுத்தபோது, ரயில்களைக் கூட்டுவதற்குத் தண்டவாளம் அங்கே தயாராகவே கிடந்தது.