முட்டிவலிக்காரர்களுக்கான சொகுசு அல்ல: பிரான்ஸ் ஆற்றுக் கப்பல் பயணம் பற்றி

மறுபடியும் அதே கதை. எழுபதைத் தாண்டிய அம்மா, தேய்ந்துபோன முழங்கால் மூட்டு, ‘கப்பல்தானே, உட்கார்ந்தபடியே பிரான்ஸைப் பார்த்துவிடலாம்’ என்று பிள்ளைகள் ஆசையாகப் பதிவு செய்து கொடுத்த ரோன் நதிப் பயணம். விவியே நகரத்துக் கல் பாவிய ஏற்றத்தில் கால் மடங்கி, மீதிப் பயணமெல்லாம் கேபின் ஜன்னலோரம். கேட்டால், "இவ்வளவு நடக்கணும்னு யாருமே சொல்லலையே!" விளம்பரப் படத்தில் யாராவது நடக்கிறார்களா? மேல் தளத்தில் சாய்வு நாற்காலி, கையில் கோப்பை, பின்னால் ஒரு கோட்டை. அதைப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கடல் கப்பலையும் ஆற்றுக் கப்பலையும் ஒன்றாக நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. கடல் கப்பலில் நாடக அரங்கு, நீச்சல் குளம், பத்துப் பன்னிரண்டு மாடிக்கும் லிஃப்ட் என்று எல்லாம் உண்டு. கரையில் கால் வைக்காமலே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். ரோன் நதியில் ஓடும் பெரிய கப்பல் என்பதே 110 அல்லது 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம், கேபின்களுக்கு இரண்டு மூன்று தளம். உள்ளே ஒரு உணவுக்கூடம், ஒரு லவுஞ்ச். தீர்ந்தது. பார்க்க வேண்டியதெல்லாம் கரையில் இருக்கிறது. அந்தக் கரையிலோ ரோமானியர் காலத்துத் தெரு, இல்லாவிட்டால் இடைக்காலத்துத் தெரு. பஸ் உள்ளே நுழையாது. ஆட்டோ கிடையாது. பல இடங்களில் டாக்ஸியும் பழைய நகர எல்லையோடு நின்றுவிடும்.

ஊர் ஊராகச் சொல்கிறேன், மனதில் பதியட்டும். விவியேயில் படகுத்துறையிலிருந்து மரநிழல் பாதை வரை சுகம். அதற்குமேல் பேராலயம் வரை உருண்டைக் கற்கள் பதித்த செங்குத்தான சந்துகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அவிஞ்ஞோனில் துறையிலிருந்து கோட்டை மதிலுக்குள் போவது எளிது. 14ஆம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் அரண்மனைக்குள் நுழைந்தபின் படி, மறுபடி படி, அடுத்த கூடத்துக்கு இன்னும் படி. ஆர்ல் நகரத்து ரோமானிய அரங்கம் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாது, தேய்ந்த கல் மழைநாளில் வழுக்கும். லியோனில் ஃபூர்வியேர் குன்றுக்கு ஏறக் கயிற்று ரயில் இருக்கிறது, பிழைத்தோம். செய்ன் நதிக்கரையில் லே ஆந்தெலி ஊருக்கு மேலே நிற்கும் ஷாத்தோ கையார் கோட்டையை இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1196இல் கட்டத் தொடங்கியது எதிரி சுலபமாக ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இன்றும் ஏறுவது சுலபமில்லை. ரூவான் மட்டும் ஓரளவு சமதளம், அங்கும் கால் வைப்பது கல்லில்தான்.

காலை நடைச்சுற்று ஒன்று இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். இடையில் உட்கார இடம் கிடைக்குமென்று நம்பாதீர்கள். கழிப்பறையும் அப்படித்தான். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை யாரும் யோசிப்பதே இல்லை, அங்கே போய்த் தவிக்கிறார்கள். வழிகாட்டி பேசுவது காதில் மாட்டும் சிறு கருவியில் கேட்கும். அவர் மூலை திரும்பிப் போய்விட்டால் குரல் அறுந்துவிடும். மெதுவாக நடப்பவர் தொலைவது அந்த மூலையில்தான். சில நிறுவனங்கள் மெதுநடைக் குழு என்று தனியாக ஒன்று வைத்திருக்கின்றன. முதல் நாள் மாலையே அதில் பெயர் கொடுங்கள். ‘நான் நல்லா நடப்பேன்’ என்ற வீம்பை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பதிவு செய்யுமுன் ஒரு சோதனை போதும். பயணத்தில் போடப்போகிற அதே காலணியுடன் மேடுபள்ளமான சாலையில் மூன்று கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் உட்காராமல். அடுத்த நாள் காலையிலும் அதையே. இரண்டாவது நாள் முட்டி வீங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ எதுவும் வேண்டாம். கைத்தடியின் முனை கற்களுக்கு நடுவே சிக்கும், அகலமான ரப்பர்க் குமிழ் மாட்டிக்கொள்ளுங்கள். புடவை கட்டுவதானால் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். இரவு உணவுக்கு எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள்.

கப்பலிலிருந்து இறங்குவதே தனிக் கலை. கேங்வே என்ற சிறு நடைபாலத்தின் சாய்வு நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும். செய்ன் நதியில் போஸ் அணைக்குக் கீழே கடல் ஏற்றவற்றம் எட்டுகிறது, எனவே ரூவானில் காலையில் இறங்கிய சாய்வு மாலையில் இருக்காது. போர்தோ பக்கம் கரோன் நதியில் இன்னும் அதிகம். அதைவிட மோசம், துறையில் இடம் போதாமல் கப்பல்களை அருகருகே கட்டுவது. கரைக்குப் போக அடுத்த கப்பலைக் கடக்க வேண்டும். சில நேரம் வரவேற்பறை வழியாக, சில நேரம் உங்கள் மேல் தளத்துக்கு ஏறி, அந்தக் கப்பலின் மேல் தளத்துக்குத் தாண்டி, அங்கிருந்து இறங்கி. சக்கர நாற்காலியைப் பல நிறுவனங்கள் தயங்கித்தான் ஏற்கின்றன, அதற்கு இதுவே காரணம். (அப்படிக் கட்டியிருக்கும்போது ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு குடும்பம் இருக்கிறது.)

கேபின் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். மலிவான கீழ்த்தள கேபினில் ஜன்னல் தண்ணீர் மட்டத்தையொட்டி, அறைச் சுவரின் மேற்பகுதியில் இருக்கும், திறக்காது. பல கப்பல்களில் லிஃப்ட் கீழ்த்தளத்துக்கும் போகாது, மேல் தளத்துக்கும் போகாது. நடுவில் இரண்டு தளங்களுக்கு மட்டும். முட்டிவலி உள்ளவருக்கு வரவேற்பறை இருக்கும் தளம்தான் சரி. ‘பிரெஞ்சு பால்கனி’ என்று எழுதியிருந்தால் அது கண்ணாடிக் கதவும் குறுக்கே ஒரு கம்பியும்தான். நாற்காலி போட இடமிருக்காது. இதற்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு ஏமாந்தோம் என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

அந்தக் கம்பிக்கு வெளியே கை நீட்டாதீர்கள். தயவுசெய்து. லியோனிலிருந்து கடல்வரை ரோன் நதியில் 12 லாக்குகள், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள். லாக்கின் அகலம் 12 மீட்டர். கப்பல் 11.4. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான் மிச்சம், கப்பல் அதற்குள்ளும் அசையும். 1952இல் திறந்த பொலேன் லாக்கில் 22 மீட்டருக்கும் மேல் இறங்கும்போது ஈரச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மேலே மேலே போவது பார்க்க அற்புதம்தான். தொட்டுப் பார்க்கவும் போனை நீட்டிப் படம் எடுக்கவும் ஆசை வரும். விரல் நசுங்க ஒரு நொடி போதும். இரவில் லாக்கைக் கடக்கும்போது இடிப்பது போல் சத்தம் கேட்டால் பதறாதீர்கள், இயல்புதான்.

மேல் தளமும் விளையாட்டில்லை. சோன் நதியிலும் லியோனைச் சுற்றியும் பாலங்கள் தாழ்வு. மாலுமி அறையே கீழே இறங்கும், கைப்பிடிக் கம்பிகளையும் நிழற்கூரையையும் மடிப்பார்கள். ‘உட்காருங்கள்’ என்றால் உட்காருங்கள். ‘தளம் மூடியிருக்கிறது’ என்று சங்கிலி கட்டினால் அதைத் தாண்டாதீர்கள். செல்ஃபிக்காக எழுந்து நிற்கிறவருக்குப் பின்னாலிருந்து வரும் பாலம் தெரியாது.

இனி அடுத்த மாயை: கப்பலே எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும் என்பது. ‘நார்மண்டி பயணம்’ என்று பெயர் இருந்தாலும் 1944இல் நேசநாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்குக் கப்பல் போகாது. ரூவானிலிருந்து போக மட்டும் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. ஓவியர் மோனேயின் ஜிவெர்னி தோட்டத்துக்கு வெர்னோனில் இறங்கி பஸ், அதுவும் ஏப்ரலிலிருந்து நவம்பர் முதல் தேதி வரைதான் திறப்பு. 1443இல் நிறுவிய மருத்துவமனையைப் பார்க்க போன் (Beaune) என்ற நகரத்துக்குப் போவதென்றால் ஷலோனிலிருந்து பஸ். பாரிஸில் ஏறுவதென்றால் ஐஃபல் கோபுரத்தடியில் என்று முடிவு கட்டாதீர்கள். சில கப்பல்கள் அங்கே பக்கத்தில் நிற்கும், சில நகருக்கு வெளியே லெ பெக் போன்ற இடங்களில். லுவார் நதியின் அரண்மனைகளையெல்லாம் பெரிய கப்பலிலேயே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணல்திட்டுகள் நிறைந்த ஆறு அது, பெரும்பகுதியில் பெரிய கப்பல் ஓடவே முடியாது. லாவெண்டர் வயலுக்காக செப்டம்பரில் புரோவான்ஸ் போகிறவர்களுக்கு என்ன சொல்வது? தாழ்வான பகுதிகளில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான் பூ. அந்த மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ‘நாங்க பார்க்காத வெயிலா’ என்று தொப்பியில்லாமல் கிளம்பாதீர்கள், நிழலில்லாத கல் வெளியில் நடக்கும் வெயில் வேறு. நேர்மாறாக, வசந்தத்தில் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரால் காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வரை அடிக்கும். ஏப்ரலுக்குக் காற்றுத் தாங்கும் மேலாடை கட்டாயம்.

வெள்ளம் வந்தால் கப்பல் நிற்கும். 2016 ஜூனில் பாரிஸில் செய்ன் 6.10 மீட்டர் வரை ஏறியது. பாலத்தடியில் இடமில்லாததால் கப்பல் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் பயணத்தின் ஒரு பகுதி பஸ்ஸாக மாறும், அல்லது கப்பல் கட்டிய இடத்திலேயே விடுதியாகும். ஒப்பந்தத்தில் அதற்கு நிறுவனத்துக்கு உரிமை இருக்கும். ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கத்திப் பயனில்லை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அது விசாவுக்கான குறைந்தபட்சம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு அது பொருந்துமா, பயண மாற்றத்துக்கு ஏதாவது தருமா என்பதைப் பத்திரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

சைவர்கள் கவனிக்க. ‘வெஜிடேரியன்’ என்று ஒரு வார்த்தையில் சொன்னால் மீன் வரலாம். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாமென்று பிரித்துப் பிரித்து எழுதிப் பல வாரம் முன்பே அனுப்புங்கள். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான், சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டு தூவுவார்கள், சில இனிப்பில் ஜெலட்டின். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். நம்மூர் வணிகப்பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, எனவே மருத்துவர் கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் இருக்கட்டும். இன்சுலினைக் கேபின் குளிர்பெட்டியை நம்பி வைக்காதீர்கள், சிலவற்றில் உறையும், சிலவற்றில் குளிராது. வரவேற்பறையில் கேளுங்கள். அவசரத்துக்கு 112. மருத்துவ உதவிக்கு நேரடியாக 15.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, லாக்குக்குள் நுழைய அதற்கு முறை இருக்கிறது. இறங்கும்போது தரும் அட்டையில் கப்பலின் தொலைபேசி எண்ணும் துறையின் பெயரும் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பல கப்பல்களில் வரவேற்பறை வாங்கி வைத்துக்கொள்ளும், நகல் கையிலிருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டால் அழாமல் ரயில் நிலையத்துக்கு நடங்கள். அவிஞ்ஞோனிலிருந்து ஆர்லுக்கும், வெர்னோனிலிருந்து ரூவானுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பெற்றோருக்காகப் பதிவு செய்கிறவர்கள் முகவரிடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். லிஃப்ட் எந்தெந்தத் தளங்களுக்குப் போகும்? ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் நடை, எத்தனை படி? கப்பல் எந்தத் துறையில் நிற்கும், அங்கே இரண்டு மூன்று கப்பல்களை அருகருகே கட்டுவார்களா? ஆறு ஓடவிடாவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? போனில் ‘அதெல்லாம் பிரச்சினையில்லை சார்’ என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.