சுவரில் மாட்டும் துப்பாக்கி: பளபளப்பா, பழமைப் பூச்சா?

செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்குகிறவர்கள் பட்டாலைச் சுவருக்கென்று பழங்காலத் துப்பாக்கியின் நகலைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கியதும் எழும் முதல் கேள்வி, "நூறு வருசம் ஆன மாதிரி இதை ஆக்க முடியுமா?" என்பதுதான். ஆக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், எந்த ஆண்டின் துப்பாக்கி சுவரில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24இல். அந்தக் காலத்துக் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கியவற்றில் முக்கியமானது 39 அங்குலக் குழல் கொண்ட பிரவுன் பெஸ் என்ற துப்பாக்கி. அதன் குழலும் விசைத்தகடும் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) வெள்ளியைப் போல மின்னின. செங்கல் தூளால் தேய்த்துத் தேய்த்து அப்படி வைத்திருப்பது சிப்பாயின் கடமை. குழலுக்குப் பழுப்பேற்றும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலானது. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் வேறு வகை: குழல் கருநீலம், விசைத்தகட்டில் மேகம் படர்ந்தது போன்ற வண்ணம், கட்டையின் அடிமுனையில் பித்தளை அடித்தகடு, எண்ணெய் ஊறிய வால்நட் கட்டை. நாம் "பழசு" என்று நினைக்கும் கருகிய தோற்றம் போர்க்களத்தில் வந்ததல்ல. பிற்காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்ததால் வந்தது. வரலாற்றைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் பிரவுன் பெஸ் நகலைப் பளபளப்பாக விடுவதே சரி. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவில் புதிது கண்ணை உறுத்தும் என்றால் மட்டும் பழமைப் பூச்சுக்குப் போகலாம்.

பூச்சுக்கு முன் ஒரு காந்தத்தை எடுத்துக் குழல், விசைத்தகடு, குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தி) மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதில் அமிலம் பட்டால் நுரைத்து அரிக்குமே தவிர துரு நிறம் வரவே வராது. அப்படிப்பட்ட பொருளுக்குப் பெயின்டும் மெழுகும்தான் வழி. இன்னொன்றும் அப்போதே பார்க்க வேண்டும்: குழல் நிரந்தரமாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும், பற்றுத்துளை (வெடிமருந்துக்குத் தீ போகும் ஓட்டை) இருக்கவே கூடாது. குழலின் வாய்வழியே வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கும் நம் நாட்டில் உரிமம் வேண்டும். அடைப்பில் சந்தேகம் இருந்தால், மாட்டுவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள். ரசீதை வீட்டிலேயே வையுங்கள்.

இரும்பில்தான் அதிகம் கெடுகிறது. உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்து அரை மணியில் துருவேற்றுகிறார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு குழிகளுக்குள் தங்கிவிடுவதால், ஐப்பசி மழைக்காற்றில் ஆரஞ்சுக் கொப்புளங்கள் எழும்பும். மேலே எத்தனை எண்ணெய் பூசினாலும் அது அடியிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும். பிளீச் ஊற்றுவதும் இதே கெடுதல்தான். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

நிதானமான வழி இது. விசைத்தகட்டைக் கழற்றி, எண்ணெய்ப் பசை போக அசிட்டோனால் துடைக்க வேண்டும். விரல் ரேகை இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. மளிகைக் கடை வெள்ளை வினிகரில் நனைத்த துணியை 20 நிமிடம் சுற்றி வையுங்கள். எடுத்துப் பார்த்துப் போதாவிட்டால் இன்னொரு 10 நிமிடம். சாம்பல் நிறம் சீராக வந்ததும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்துக் கழுவி, கொதிநீர் ஊற்றிச் சூட்டோடு உலர்த்துங்கள். அதன் மேல் கோல்டு புளூ திரவத்தை (இரும்பைச் சூடேற்றாமலே கருக்க வைப்பது) பஞ்சால் தடவி, ஒரு நிமிடத்தில் கழுவி, நான்கு சுழி (0000) ஸ்டீல் வூலால் லேசாகத் தேய்க்க வேண்டும். இப்படி மூன்று முறை. கை படும் விளிம்புகளில் கூடுதலாகத் தேய்த்து வெளிற விடுங்கள். திருகைச் சுற்றியும் குதிரையின் அடியிலும் கருமை இருக்கட்டும். எல்லா இடமும் ஒரே கருப்பாக இருந்தால் அது தார் பூசியது போலத்தான் தெரியும்.

கட்டையிலும் தேய்மானம் வரும் இடங்களைத்தான் யோசிக்க வேண்டும். விசைக்குப் பின்னால் வலக்கை பிடிக்கும் இடுப்பு, இடக்கை தாங்கும் முன்பகுதி, கன்னம் படும் மேடு, தரையில் ஊன்றும் அடிமுனை. சங்கிலியால் அடித்து வடு உண்டாக்குவது வேண்டாம். ஒரே அளவுப் பள்ளங்கள் வரிசையாக விழுந்து பொய்யைக் காட்டிக்கொடுக்கும். முதலில் வார்னிஷை ரிமூவர் போட்டு எடுத்து, 120, 180, 240 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் நார் எழும்பும். அதை 320 எண் தாளால் அடக்குங்கள். கருமை வேண்டுமானால் கெட்டியான தேயிலைச் சாற்றைப் பூசிக் காயவிட்டு, வினிகரில் இரண்டு நாள் ஸ்டீல் வூல் ஊறிய நீரைத் தடவலாம். ஊறும் பாட்டிலின் மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேரும்போதுதான் கருக்கும். ஈட்டி மரமும் தேக்கும் ஒரே அளவு கருக்காது. அதனால் அடித்தகடு மூடும் பகுதியில் சோதித்துவிட்டே மற்ற இடத்தில் தடவ வேண்டும்.

அதன் மேல் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). முதல் பூச்சில் டர்பன்டைன் சரிபாதி கலந்து, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நாளுக்கு ஒன்றாக ஆறேழு பூச்சு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் காயத் தாமதமாகும், அவசரப்பட்டால் பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெய் காயவே காயாது, தூசியைத்தான் சேர்க்கும். லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது, மரம் நிறைந்த வீட்டில் செய்யும் வேலை இது.

பித்தளைக்கு நாங்கள் எதையும் பரிந்துரைப்பதில்லை. மேலே உள்ள லாக்கர் பூச்சை அசிட்டோனால் எடுத்துவிட்டால் ஓராண்டில் தானாகப் பழுக்கும். அம்மோனியா ஆவியில் பெட்டிக்குள் வைத்துப் பழுப்பேற்றுவோர் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாக வெடிப்பு விட்டது இந்த அம்மோனியாவால்தான். தட்டி வளைத்த மெல்லிய தகட்டுக்கு அதே ஆபத்து உண்டு.

பளபளப்போ பழமையோ, மாட்டும் இடம் முக்கியம். சுண்ணாம்புச் சுவர் கார்த்திகை வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு அங்குலத் தேக்குக் கட்டை கொடுத்துச் சுவரிலிருந்து விலக்கி மாட்டுங்கள். முற்றத்துச் சாரல் எட்டும் தாழ்வாரம் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த பசையை மெல்லத் தடவித் துடைத்துவிட்டால், அந்த மழைக்காலம் முழுவதும் தாங்கும். ஆயுத பூசையன்று ஈரச் சந்தனத்தையும் குங்குமம் தடவிய எலுமிச்சையையும் இரும்பின் மேல் வைக்காதீர்கள். ஓர் இரவிலேயே பழுப்பு வளையம் விழும். சந்தனப் பொட்டு வைப்பதென்றால், துப்பாக்கிக் கட்டைக்கு அடியில் மாட்டிய பலகைக்கு வையுங்கள்.

பழமைப் பூச்சு கொடுத்த எந்தத் துண்டிலும், விசைத்தகட்டின் உட்புறத்திலும் அடித்தகட்டுக்குக் கீழேயும் "நகல்" என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் உளியால் பதித்துவிட வேண்டும். தாளில் ஒட்டினால் கிழிந்துபோகும். வீடு கைமாறி, காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு அது வந்து சேரும் நாளில், ஏமாறாமல் காப்பாற்றுவது அந்த எழுத்து ஒன்றுதான்.