துருவுக்குள் இருக்கும் அரிவாள்

கோத்தகிரிப் பக்கம் கேரட் போட மண்ணைக் கொத்தும்போது, எப்போதாவது மண்வெட்டியில் ஓர் இரும்புத் துண்டு தட்டுப்படும். மண்ணோடு இறுகி, கிழங்கு மாதிரி உப்பிப்போயிருக்கும். எடுத்தவர் குழாயடியில் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பொருள் கெடுவது அங்கேதான்.

நீலகிரியின் கமிஷனராக இருந்த பிரீக்ஸ், 1870களின் தொடக்கத்தில் மலைமுகடுகளில் இருந்த பழங்கால ஈமக் கல்வட்டங்களைத் தோண்டினார். மட்பாண்டங்கள், வெண்கலக் கிண்ணங்களோடு ஈட்டிமுனை, அரிவாள் போன்ற இரும்புச் சாமான்களும் கிடைத்தன. இந்த மலையில் மண்ணிலிருந்து வரும் பழைய இரும்பு எதையும் அலட்சியமாகப் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

துரு என்றால் அழுக்கு என்று நினைக்கிறோம். புதைந்த இரும்பில் கதை வேறு. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே கசியும்போது, பக்கத்து மண்ணையும் மணலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. உப்பல் அதனால் வருகிறது. கொல்லன் அடித்து முடித்தபோது இருந்த விளிம்பு, இந்த உப்பலுக்கு அடியில் அடர்ந்த துருப் படலமாக அப்படியே தங்கியிருக்கும். எக்ஸ்-ரே எடுத்தால் அந்தக் கோடு தெரியும். சில அரிவாள்களில் மரப்பிடியின் இழைகள்கூடத் துருவில் அச்சுப்போல் நிற்கும். மரம் மக்கிப்போகும், இரும்பு உப்புகள் அதன் உருவத்தைப் பிடித்து வைத்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பிரஷ் போட்டால் முதலில் போவதும் இதுதான். பழம்பொருள் பாதுகாக்கும் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழே, சிறு கத்தியாலும் நுண்மணல் பீச்சும் கருவியாலும் மேல் மண்ணை மட்டும் எடுத்து, அந்த விளிம்பில் நிறுத்திவிடுவார்கள்.

சரி, உண்மையான எதிரி யார்? உப்பு. மண்ணீரில் இருக்கும் குளோரைடு, இரும்பு கரையும் இடத்தைத் தேடிப் போய், உலோகத்துக்கும் துருவுக்கும் இடையே சேர்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் காற்று குறைவு, அதனால் எல்லாம் மெதுவாக நடக்கும். வெளியே எடுத்ததும் துரு காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பு வழியே ஆக்சிஜன் நுழைகிறது. உள்ளே இருக்கும் இரும்புக் குளோரைடு புதுத் துருவாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் மிச்ச உலோகத்தை அரித்து மறுபடியும் இரும்புக் குளோரைடு ஆகிறது. குளோரைடு செலவாவதே இல்லை, சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. மேலே மஞ்சள் துளிகள் வியர்வைபோல் கோக்கும், பிறகு பாளம் பாளமாக உரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கண்ணாடி அலமாரியில் வைத்த ஈட்டிமுனை தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் மூன்று துண்டாகிப்போனது.

வைத்தியம் இரண்டு வழி. முதலாவது, உப்பை வெளியே இழுப்பது. சோடியம் சல்பைட்டும் காஸ்டிக் சோடாவும் கரைத்த வெந்நீரில் பொருளை வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். சல்பைட் கரைசலில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், காரம் குளோரைடை விடுவிக்கும். வெளியேறிய குளோரைடை அவ்வப்போது அளந்து, அளவு அடங்கும்வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது ஆய்வகத்து வேலை, வீட்டில் முயலக் கூடாது.

இரண்டாவது, ஈரத்தை அண்டவிடாமல் வைப்பது. காற்றின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சுற்று ஏறக்குறைய நின்றுவிடும். மேகம் வாசலுக்குள் வந்து போகும் ஊரில் இதற்கு ஒரே வழி, இறுக மூடும் டப்பாவும் நிறைய சிலிக்கா ஜெல்லும்தான். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

டானின் என்னும் துவர்ப்புப் பொருளைப் பூசுவதும் உண்டு. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுக்கும் இல்லையா, அதே வேதியியல்தான். துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகப் பிடித்துக்கொள்ளும். நம் மலையெங்கும் நிற்கும் வாட்டில் மரத்தின் பட்டையிலும் இந்த டானின்தான் இருக்கிறது. ஆனால் உப்பு உள்ளே இருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

அப்புறம், கிடைத்தவர் செய்ய வேண்டியது. கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தாசில்தாரிடம் சொன்னால் தகவல் போய்விடும். எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, போனில் படம் எடுத்துவிட்டு, பக்கத்துப் பாத்தியைக் கொத்தப் போங்கள்.