பிரைவேட் டிஎன்எஸ்: 'ஆட்டோமேட்டிக்' ஏன் போதாது?

போனில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு விசாரிப்பு நடக்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லி, இணையத்தில் அதன் முகவரியான ஐபி எண்ணைப் போன் கேட்கும். பெயருக்கு எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் பதில் தரும். 1983-இல் வகுக்கப்பட்ட இந்த முறையில், பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கமே கிடையாது. வழக்கமான அமைப்பில் இன்றும் கேள்வியும் பதிலும் 53-ஆம் போர்ட் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) வழியாகத் திறந்தபடியே போகின்றன. வங்கித் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் பூட்டு இருந்தாலும், எந்த வங்கியைத் தேடினீர்கள் என்பதை வைஃபை நடத்துபவரும் சிம் நிறுவனமும் படிக்கலாம். நடுவில் புகுந்து பதிலை மாற்றிவிடவும் முடியும்.

2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதே கேள்வியை டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் வைத்து 853-ஆம் போர்ட் வழியாக அனுப்புவதுதான் பிரைவேட் டிஎன்எஸ். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் மற்றும் இன்டர்நெட்' பகுதியில் இருக்கும். சாம்சங் போனில் 'கனெக்‌ஷன்ஸ்' போய், 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' உள்ளே பார்க்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் டிஎன்எஸ் என்று தட்டினால் போதும்.

அங்கே மூன்று தேர்வுகள்: ஆஃப், ஆட்டோமேட்டிக், சர்வர் பெயர். பெரும்பாலான போன்களில் நடுவிலுள்ளதுதான் இருக்கும், அதைப் பார்த்துப் பலரும் திருப்தியாகி விடுகிறார்கள். அதில் இரண்டு ஓட்டைகள். நெட்வொர்க் தரும் டிஎன்எஸ் சர்வர் 853-இல் பதில் சொன்னால்தான் குறியாக்கம். சொல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் பழைய 53-க்கே திரும்பிவிடும். பதில் சொன்னாலும் அந்த சர்வர் பெரும்பாலும் சிம் நிறுவனத்துடையதே. யாரிடமிருந்து மறைக்க நினைத்தோமோ அவரிடமே கேள்வி போய்ச் சேர்கிறது.

ஆகவே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து சர்வரின் பெயரை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். 1.1.1.1, 8.8.8.8 போன்ற எண்களை இந்தக் கட்டம் ஏற்காது. டிஎன்எஸ் சேவை தரும் நிறுவனங்களில் கிளவுட்ஃபிளேருக்கு 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, இடையே புள்ளி வைத்து எழுத வேண்டும். கூகுளுக்கு டிஎன்எஸ், புள்ளி, கூகுள். அவ்வளவுதான், பின்னால் டாட் காம் வராது. குவாட்9-க்கு டிஎன்எஸ், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட். முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளக்கூடும், அதை அழித்த பிறகே 'சேவ்' தட்டுங்கள்.

இந்த நிலையில் போன் கண்டிப்பாக நடந்துகொள்ளும். சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழில் நாம் எழுதிய பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் 53-க்கு இறங்காமல் பெயர் தேடுவதையே நிறுத்திவிடும். சிக்னல் முழுதாக இருக்கும், ஒரு தளமும் திறக்காது. இப்படி நடந்தால் முதலில் எழுத்துப்பிழை, அடுத்து போனின் தேதி என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். அலுவலக வைஃபையில் மட்டும் சிக்கல் என்றால் அங்கே 853-ஐ அடைத்திருக்கக்கூடும். அதற்குப் போனில் மருந்தில்லை, அந்த வைஃபையில் இருக்கும்வரை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் ஓடிபி கேட்கும் வைஃபை தனி ரகம். குரோமைத் திறந்து லாகின் பக்கத்துக்காகக் காத்திருந்தால் வராது. 'வைஃபையில் உள்நுழைக' என்று மேலே வரும் அறிவிப்பைத் தட்டுங்கள், அந்தப் பக்கம் பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தாண்டியே திறக்கும். அறிவிப்பே வராவிட்டால் ஆஃப் செய்து, உள்நுழைந்து, மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

யாருடைய சர்வர் என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். சிம் நிறுவனம் பார்த்த பட்டியலை இனி இந்த சர்வரை நடத்துபவர்கள் பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பதிவான, லாப நோக்கில்லாத குவாட்9 தீங்கான தளங்களையும் தடுப்பதால் வீட்டுப் பெரியவர்களின் போனுக்கு அதையே போடலாம். ஆட்கார்டு போன்ற டிஎன்எஸ் சேவைகள் விளம்பர சர்வர்களின் பெயருக்குப் பதில் தராமல் விளம்பரங்களைக் குறைக்கின்றன. ஆனால் யூடியூப் விளம்பரம் போகாது, வீடியோ வரும் இடத்திலிருந்தே அதுவும் வருவதால். சில ஷாப்பிங் லிங்க்குகளும் திறக்காமல் போகும்.

இதைப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எண் கிடைத்தபின் போன் தளத்தோடு இணையும்போது முதலில் அனுப்பும் தரவுத் துண்டில் (பாக்கெட்) தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தே போகிறது. அதையும் மறைக்கும் நுட்பம் வந்துவிட்டாலும், உலாவி, தளம் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். ஐபி எண்ணோ எப்போதும் தெரியும்.

ஐபோனில் இப்படியொரு கட்டம் இல்லை. ஐஓஎஸ் 14 முதல், சேவை நிறுவனத்தின் செயலி அல்லது கான்ஃபிகரேஷன் புரொஃபைல் (அமைப்புகள் அடங்கிய கோப்பு) மூலம் அமைக்கலாம். புரொஃபைலை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ டெலிகிராமில் அனுப்பியதை நிறுவினால், உங்கள் டிஎன்எஸ் கேள்விகள் யாரிடம் போகின்றன என்பதை முடிவு செய்பவர் அவராகிவிடுவார்.